கொழும்பில் எங்கே நிற்பது? வீடு தேடியவர்களின் நூறாண்டுக் கதை

கொழும்பில் உத்தியோகம் கிடைத்துவிட்டது என்ற செய்தி யாழ்ப்பாணத்து வீடொன்றுக்கு வந்ததும், வாழ்த்துச் சொல்ல வருபவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி ஒன்றே. "எங்கை நிக்கப் போறாய்?" எங்கே வாழப் போகிறாய் என்றோ எங்கே குடியேறப் போகிறாய் என்றோ எவரும் கேட்பதில்லை. நிற்பது என்பது தற்காலிகமானது. பஸ் வரும்வரை நிற்பதைப் போல, மழை விடும்வரை நிற்பதைப் போல, ஓய்வூதியம் கிடைக்கும்வரை கொழும்பில் நிற்பது. இப்படி 'நின்றவர்கள்' முப்பத்தைந்து ஆண்டுகள் நின்றார்கள். அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள், படித்தார்கள், மணம் முடித்தார்கள். ஆயினும் கேள்வியின் வினைச்சொல் மட்டும் மாறவேயில்லை.

இந்த நகரத்தில் வேலைக்கு வந்த தமிழர் எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில் தங்குவது என்று எவ்வாறு முடிவு செய்தார்கள் என்பது எழுதப்படாத வரலாறு. அரசியல் வரலாற்றை எழுதியோர் பலர். வாடகை வீட்டின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலரே. ஆனால் அரசியல் ஒரு மனிதனின் வாழ்வுக்குள் நுழைந்த விதத்தை அறிய வேண்டுமாயின், அவன் வீடு தேடிய கதையைக் கேட்பதைவிட நல்ல வழி வேறில்லை.

துறைமுகமும் புகையிரதமும்

கொழும்பை வேலை தரும் நகரமாக்கியது அதன் துறைமுகம். 1875 இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885 இல் அது நிறைவு பெற்றபோது, அதுவரை பெருங்கப்பல்கள் தரித்துநின்ற காலித் துறைமுகம் தன் முதன்மையை இழந்தது. வங்கிகள், கப்பல் முகவர் நிலையங்கள், தேயிலைக் கம்பனிகள், அரசாங்கத் திணைக்களங்கள் யாவும் கோட்டையில் குவிந்தன. கணக்கெழுதவும் கடிதம் எழுதவும் ஆங்கிலம் அறிந்த இளைஞர் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர்.

அத்தகைய இளைஞரை உருவாக்கும் பள்ளிகள் யாழ்ப்பாணத்தில் முன்னரே இருந்தன. அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது 1823 இல். அதன்பின் எழுந்த மிஷன் பள்ளிகளும், அவற்றுக்கு மாற்றாக எழுந்த சைவப் பள்ளிகளும் ஆங்கிலம் படித்த தலைமுறைகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. காணியோ பரப்புக் கணக்கில் துண்டாடப்பட்டிருந்தது. பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஒரு ஏக்கர். பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து வந்த நிலம் ஒரு குடும்பத்தைத் தாங்காது என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழி பிறந்த மண் அது. முதலில் மலாயா அழைத்தது. அங்கே புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தவர் நிறைந்தனர். அதே காலத்தில் கொழும்பும் அழைத்தது.

வடபகுதிப் புகையிரதப் பாதை 1905 இல் காங்கேசன்துறை வரை நிறைவுபெற்றது. அதற்கு முன்னர் கொழும்புக்குப் போவதென்றால் கடல்வழிப் பயணம், அல்லது காட்டுப் பாதையில் பல நாள் மாட்டுவண்டிப் பயணம். பாதை வந்த பிறகு இரவு ஏறினால் காலையில் கோட்டையில் இறங்கலாம் என்ற நிலை உருவாயிற்று. இதனால் ஒரு புதுவகை மனிதர் தோன்றினார். மனைவியும் பிள்ளைகளும் ஊரில், அவர் கொழும்பில். மாதமுடிவில் மணியோடர் போகும். வெள்ளிக்கிழமை இரவு மெயிலில் ஏறி, ஞாயிறு இரவு திரும்பும் மெயிலில் வந்து, திங்கள் காலை நேரே கந்தோருக்குப் போவார். அரச ஊழியருக்குக் கிடைத்த இலவசப் புகையிரத 'வொரண்ட்' அந்தக் குடும்பத்தின் பெறுமதிமிக்க சொத்துகளில் ஒன்று. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது பகலிலும் அந்தப் பயணம் இலகுவாயிற்று.

ஊருக்குப் போய்வர இவ்வளவு வசதி இருந்ததே, கொழும்பில் வீடு வாங்காமைக்கும் காரணமாயிற்று. சம்பளத்தில் மிஞ்சியது ஊரில் கல்வீடு கட்டவும், சகோதரிகளின் சீதனத்துக்கும், கோயில் திருவிழா உபயத்துக்கும் போயிற்று. கொழும்பில் ஒரு பேர்ச்சஸ் நிலம் வாங்கும் எண்ணம் அந்தத் தலைமுறையில் பலருக்கு எழவேயில்லை. விலை குறைவாக இருந்த காலத்தில் வாங்கும் எண்ணம் இருக்கவில்லை. எண்ணம் வந்த காலத்தில் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது.

சமறி

திருமணமாகாத, அல்லது குடும்பத்தை ஊரில் விட்டுவந்த லிகிதர்களின் முதல் இருப்பிடம் 'சமறி'. வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள் கூட்டாக வீடெடுத்துத் தங்கிய ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயர் நம்மவர் நாவில் இப்படி ஆயிற்று. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். ஊரிலிருந்து ஒரு சமையற்காரர் வருவார். மாதமுடிவில் அரிசி, தேங்காய், விறகு, வாடகை எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு வகுப்பார்கள்.

சமறியில் இடம் கிடைப்பது ஊரை வைத்தே. கரவெட்டியார் சமறி, காரைநகரார் சமறி, புங்குடுதீவார் சமறி என்று தனித்தனி. புதிதாக வருபவன் புகையிரத நிலையத்தில் இறங்கும்போது அவன் சட்டைப்பையில் ஒரு முகவரி இருக்கும். ஒன்றுவிட்ட அண்ணரோ, தாய்மாமனோ, பள்ளிக்கூடத்து மூத்த மாணவரோ அங்கே இருப்பார். அவன் இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்ல முடியாது. அவனுக்காக இடம் முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. இந்த ஏற்பாடு பலருக்குப் பெரும் துணை. ஆனால் ஊரின் உறவோடு ஊரின் சாதிக் கணக்கும் சேர்ந்தே வந்தது. சமறியில் சேர்க்கப்படாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் தனி அறை தேடினார்கள், கூடிய வாடகை கொடுத்தார்கள். பழைய நினைவுகளை எழுதுவோர் இதை மறந்துவிடுவது நியாயமன்று.

தொழிலுக்கேற்பவும் இடம் மாறியது. புறக்கோட்டையில் வணிகம் செய்தவர்கள் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, ஆமர் வீதிப் பக்கம் தங்கினார்கள். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களும், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் அப்பகுதிக்குரியவை. பத்திரிகைத் தொழிலாளரின் கதையும் அதுவே. வீரகேசரி கிராண்ட்பாஸில், தினகரன் கோட்டைக்கு அருகே லேக் ஹவுஸில். இரவு இரண்டு மணிக்குக் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பின் பஸ் ஏது? ஒப்புநோக்குநரும் அச்சுக்கோப்பாளரும் நடந்து போகக்கூடிய தூரத்தில் அறை தேடினார்கள். கடற்காற்று வீசும் வீட்டைவிட, நள்ளிரவில் நடந்து போய்ச் சேரக்கூடிய அறை அவர்களுக்கு மேலானது. எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு வேலை முடியும் நேரமே விடை சொன்னது.

ஏன் வெள்ளவத்தை?

கறுவாத்தோட்டம் செல்வந்தருக்கு. கொழும்பு வடக்கு வணிகருக்கும் தொழிலாளருக்கும். இடைப்பட்ட லிகிதர், ஆசிரியர், கணக்காளர் ஆகியோருக்கு வாய்த்தது கரையோரம். கோட்டையிலிருந்து தெற்கே ஓடும் கரையோரப் புகையிரதப் பாதையில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று நிலையங்கள் வரிசையாக அமைந்திருந்தன. மாதச் சீசன் ரிக்கற் எடுத்தால் சில நிமிடங்களில் கோட்டை. காலி வீதியில் பஸ். வடக்கே நகர்ந்தால் வாடகை கூடும், தெற்கே நகர்ந்தால் குறையும். தன் சம்பளம் எந்த நிலையத்தில் இறங்கச் சொல்கிறதோ அங்கே இறங்கினான் லிகிதன்.

வெள்ளவத்தை என்ற பெயருக்குச் சிங்களத்தில் மணல் தோட்டம் என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் பறங்கியர் குடும்பங்கள் நிறைய இருந்தன. அகன்ற விறாந்தையும் ஓட்டுக் கூரையும் கொண்ட அந்த வீடுகளின் ஒரு பகுதியை, அல்லது பின்புறத்து 'அனெக்ஸை' தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்கு எடுத்தன. வீட்டுக்காரர் முன்னால், வாடகைக்காரர் பின்னால். சமையலறை வாசம் பற்றிய முறுகல்கள் இருந்தன; நத்தார் கேக்கும் பொங்கலும் மதிலுக்கு மேலால் கைமாறியதும் உண்டு.

1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. ஆங்கிலத்தில் வாழ்ந்த பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டனர். அவர்களின் வீடுகள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்களில் தமிழரும் கணிசமானோர். தமிழரின் அரச உத்தியோகத்தை நெருக்கத் தொடங்கிய அதே சட்டம்தான் அவர்களில் சிலருக்குக் கொழும்பில் வீட்டையும் திறந்துவிட்டது. வரலாறு இப்படியும் கணக்குத் தீர்க்கும்.

ஒரு சமூகம் ஓரிடத்தில் நிலைகொள்ள வீடு மட்டும் போதாது. பள்ளி வேண்டும், கோயில் வேண்டும், முருங்கைக்காயும் ஒடியலும் விற்கும் கடை வேண்டும். வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் அமைந்தது. 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆம் ஒழுங்கையில் நிலைபெற்றது. பெண்பிள்ளைகளுக்குச் சைவ மங்கையர் வித்தியாலயம். பம்பலப்பிட்டியில் 1951 இல் கொழும்பு இந்துக் கல்லூரி. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் ரதம் காலி வீதி வழியே வரும் நாள்களில் முழுக் கரையோரமும் திருவிழாக் கோலம் பூணும். இவை வந்தபின், சமறியில் தனியே இருந்தவர் ஊரிலிருந்து மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துவரத் துணிந்தார். 'நிற்பது' மெல்ல மெல்லக் குடியிருப்பதாக மாறியது இங்கேதான்.

வாடகைச் சட்டம்

வாடகை என்பது கேட்பவர் சொல்லும் விலை மட்டுமன்று, சட்டத்தாலும் ஆனது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசியபோது நகரத்தவர் பலர் ஊர்களுக்கு ஓடினர். அதே ஆண்டில்தான் போர்க்கால நெருக்கடியை முன்னிட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. போர் முடிந்த பின்னும் கட்டுப்பாடு முடியவில்லை. 1948 இல் ஒரு சட்டம், 1972 இல் இன்னொரு சட்டம். 1973 இல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டமும் வந்தது.

ஏழை வாடகைக்காரரைத் தெருவில் விடக்கூடாது என்பதே இச்சட்டங்களின் நோக்கம். அந்த நோக்கம் பெரிதும் நிறைவேறியது என்பதை மறுக்க முடியாது. பழைய வாடகைக்குப் பல ஆண்டுகள் இருந்த லிகிதர் குடும்பங்கள் ஏராளம். உச்சவரம்புச் சட்டத்தின்மூலம் தாம் குடியிருந்த வீட்டுக்கே உரிமையாளரானவர்களும் உண்டு. ஆனால் புதிதாக நகருக்கு வந்தவனின் நிலை வேறு. ஒருமுறை வாடகைக்கு விட்டால் எழுப்ப முடியாது என்று அஞ்சிய உரிமையாளர், முன்பின் தெரியாதவருக்கு வீடு கொடுக்கத் தயங்கினார். வீட்டைப் பூட்டி வைத்தவர்களும் உண்டு. கொடுத்தவர்களில் பலர் பற்றுச்சீட்டில் ஒரு தொகையும் கையில் வேறொரு தொகையும் வாங்கினார்கள். முற்பணம் என்ற பெயரில் பல மாத வாடகை கேட்கும் வழக்கம் பரவியது. உள்ளே இருந்தவருக்குச் சட்டம் கவசம். வெளியே நின்றவருக்கு அதுவே மதில்.

இதனால் அறிமுகத்தின் மதிப்பு மேலும் உயர்ந்தது. எந்தக் கந்தோர், எந்த ஊர், யாருடைய மகன் என்பவை வாடகைப் பேச்சின் முதற்பகுதியாயின. நான் இத்தொழிலுக்கு வந்த காலத்தில் பத்திரிகையாளருக்கு வீடு கொடுக்க விரும்புவோர் குறைவு. நேரம் கெட்ட நேரத்தில் படலை திறப்பான், பொலிஸ் தேடி வரும், சம்பளமும் ஒழுங்காக வராது என்பது வீட்டுக்காரரின் கணக்கு. அதில் பொய்யொன்றும் இல்லை.

அச்சம் என்னும் வாடகை

இதுவரை சொன்ன கணக்கில் இரண்டு பத்திகளே இருந்தன: வாடகை, தூரம். எந்தப் பெருநகரத்திலும் வேலைக்கு வருபவன் போடும் கணக்கு அது. கொழும்பில் தமிழருக்கு மூன்றாவது பத்தி ஒன்று சேர்ந்தது: அச்சம்.

1958 இல் கலவரம் வெடித்தபோது கொழும்பில் வீடிழந்த தமிழர் அகதி முகாம்களில் வைக்கப்பட்டு, பின்னர் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். பலர் சில மாதங்களில் திரும்பி வந்தார்கள். வேலை இங்கே இருந்தது. 1977 இல் மறுபடியும் கலவரம். மறுபடியும் முகாம், மறுபடியும் ஊர், மறுபடியும் திரும்புதல். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வீடு தேடுபவரின் கேள்விகள் மாறின. தண்ணீர் வருமா என்று கேட்டவர் இப்போது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தனித்து ஒரு சிங்களக் கிராமத்தின் ஓரத்தில் மலிவாகக் கிடைத்த காணியைவிட, நம்மவர் நாலு பேர் இருக்கும் ஒழுங்கையில் ஒரு அனெக்ஸ் பாதுகாப்பானது என்று எண்ணினார். இப்படியாக வெள்ளவத்தை மேலும் அடர்ந்தது.

1983 ஜூலை அந்த எண்ணத்தையும் தகர்த்தது. 23ஆம் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். 24ஆம் திகதி இரவு பொரளை கனத்தை மயானத்தைச் சூழத் தொடங்கிய வன்முறை மறுநாள் நகரெங்கும் பரவியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் தமிழரின் வீடுகளை இலக்கம் பார்த்துத் தேடினர். கூட்டமாக இருந்த இடத்தில் கூட்டமாகவே எரிந்தது. தனியாக இருந்தவர்களில் சிலரை அயலவர் காப்பாற்றினர். சிலரைக் காப்பாற்ற எவருமில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாயின. எங்கே குடியிருந்தால் பாதுகாப்பு என்ற கேள்விக்கு அந்த வாரம் விடையே இருக்கவில்லை.

அவ்வாரத்தை நேரில் கண்டவர்களிடம் பின்னாளில் பேசியபோது ஒன்றைக் கவனித்தேன். தம்மைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் எவரும் ஒழுங்கையின் பெயரைச் சொல்வதில்லை. ஒரு மனிதரின் பெயரைச் சொல்வார்கள். மதிலுக்கு அப்பாலிருந்து கூப்பிட்ட ஒரு சிங்களப் பெண்மணி, தன் வீட்டு மேல்மாடியைத் திறந்துவிட்ட ஒரு முஸ்லிம் வணிகர், வாசலில் நின்று "இங்கே தமிழர் இல்லை" என்று சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அயல் என்பது வரைபடத்தில் இல்லை என்பதை அப்போது விளங்கிக்கொண்டேன்.

லொட்ஜ் காலம்

1983 க்குப் பின் கொழும்பிலிருந்து தமிழர் நிரந்தரமாக வெளியேறிவிடுவர் என்று எதிர்வுகூறியவர்கள் இருந்தனர். நடந்தது அதற்கு மாறானது. இயன்றவர்கள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். ஆனால் வடக்கில் போர் மூண்டபோது புதிதாக வந்தவர்கள் அவர்களைவிட அதிகம். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. வெள்ளி இரவு போய் திங்கள் காலை வரும் வாழ்க்கை அத்துடன் முடிந்தது. ஊர் தொலைவாகியது, கொழும்பு, விரும்பியோ விரும்பாமலோ, வீடாகியது.

வெளிநாடு போகக் காத்திருந்தோர், கடவுச்சீட்டு எடுக்க வந்தோர், பிள்ளையிடமிருந்து தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்திருந்த முதியோர், வேலை தேடி வந்த இளைஞர் எல்லோரும் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கினர். நாள் வாடகை, வார வாடகை. பொலிஸ் பதிவு இல்லாமல் ஓரிரவும் தங்க முடியாது. வீட்டை வாடகைக்கு விடுபவரும், இருப்போரின் பெயர்ப் பட்டியலைப் பொலிஸில் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் தமிழருக்கு வீடு கொடுக்கவே சிலர் தயங்கினர். கொடுத்தவர்களிற் சிலர் அந்தத் தொல்லைக்கும் சேர்த்து வாடகை கேட்டனர். அச்சத்துக்கு விலை வைக்கப்பட்ட காலம் அது.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை லொட்ஜ்களில் தங்கியிருந்த 370 க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். கொழும்பில் தங்கியிருக்கத் தக்க காரணம் இல்லாதவர்கள் என்பதே சொல்லப்பட்ட விளக்கம். மறுநாளே உயர் நீதிமன்றம் இந்த நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்த ஒரு காலைப்பொழுது ஒரு பாடத்தைப் பலர் மனத்தில் பதித்தது: லொட்ஜில் இருப்பவனை ஏற்றலாம், சொந்த வீட்டில் இருப்பவனை ஏற்றுவது கடினம்.

தொடர்மாடிக் காலம்

அந்தப் பாடம் அதற்கு முன்பே சந்தையில் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. மாடிவீடுகளைத் தனித்தனி உறுதியில் வாங்கவும் விற்கவும் 1973ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்திருந்தது. 1990களிலிருந்து வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தன. அவ்விடத்தில் ஐந்து மாடி, எட்டு மாடி, பத்து மாடி. வாங்கியவர்களில் பலர் புலம்பெயர்ந்தோர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இரவு வேலை செய்து சேர்த்த காசு, இங்கே அம்மாவுக்கு ஒரு வீடாக மாறியது. தரகர்களின் கதையில் கடற்காட்சியும் வாகனத் தரிப்பிடமும் வந்தன. எந்த ஒழுங்கை என்ற கேள்வியோடு எந்த மாடி என்ற கேள்வியும் சேர்ந்தது.

ஊரில் நாலு பரப்புக் காணியில் கிணறும் வேலியும் வேம்புமாக வாழ்ந்த முதியவர்கள் ஆறாம் மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். அயலவரின் பெயர் தெரியாது. கீழே காவலாளி, இரும்புக் கதவு. பாதுகாப்புக்காகத் தேடிய வீடு இது. முன்னர் சொன்ன அந்த மதிலுக்கு அப்பாலிருந்து கூப்பிடும் குரல் ஆறாம் மாடிக்குக் கேட்குமா என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வெளிநாட்டுக் காசு வந்து சேர்ந்ததால் உள்நாட்டுச் சம்பளக்காரருக்கு வெள்ளவத்தை எட்டாததாயிற்று. ஆசிரியரும் வங்கி எழுதுவினைஞரும் தெற்கே தெஹிவளை, இரத்மலானைக்கும், வடக்கே வத்தளை, ஹெந்தளைக்கும் நகர்ந்தனர். மாற்றத்தின் அளவை அறிய ஒரேயொரு காணியைப் பார்த்தால் போதும். வெள்ளவத்தை நூல், நெசவு ஆலை 1930களின் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்ற இடம். ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை செய்த ஆலை. அந்த ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி என்னும் ஆடம்பர மாடிக் குடியிருப்பு உயர்ந்து நிற்கிறது.

தெரிவே இல்லாதவர்கள்

இவ்வளவும் 'எங்கே' என்று கேட்கும் வசதி இருந்தவர்களின் கதை. கொழும்பில் வேலை செய்த தமிழரில் பெரும்பகுதியினருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்த பிள்ளைகள், கடை பூட்டியபின் அதன் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தார்கள். வீட்டு வேலைக்கு வந்த சிறுமியர் சமையலறை மூலையில் உறங்கினார்கள். துறைமுகத்திலும் மாநகர சபையின் துப்புரவுப் பணியிலும் உழைத்தவர்கள் கொழும்பு வடக்கின் 'தோட்டங்களில்' ஒரே குழாயடியையும் ஒரே மலசலகூடத்தையும் பல குடும்பங்களாகப் பகிர்ந்தார்கள். கலவரம் வந்தபோது அவர்களும் தாக்கப்பட்டார்கள். சோதனை வந்தபோது அவர்களும் ஏற்றப்பட்டார்கள். லிகிதரின் சமறியைப் பற்றி எழுதும்போது இவர்களைப் பற்றியும் ஒரு பந்தியாவது எழுதாவிடின் அது முழுமையான வரலாறாகாது.

பெண்கள் உத்தியோகம் பார்க்க வந்தபோது கணக்கு மேலும் மாறியது. ஆணுக்குப் புகையிரத நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது கேள்வி. பெண்ணுக்கு அந்தத் தூரத்தில் எத்தனை தெருவிளக்கு எரிகிறது என்பதும் கேள்வி. ஒழுங்கையின் கடைசி வீட்டில் வாடகை குறைவு என்பதற்காக அதை எடுத்து, மாலைதோறும் பதைப்புடன் நடந்த தாதியரையும் ஆசிரியைகளையும் நான் அறிவேன்.

இன்று வருபவர்களுக்கு

போர் 2009 இல் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் போனது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் சேவை நீண்டது. வெள்ளவத்தையில் இரவு ஏறினால் விடியலில் யாழ்ப்பாணத்தில் இறக்கும் சொகுசு பஸ்களும் வந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விலைவாசியோடு வாடகையும் சம்பளக்காரரை நெருக்குகிறது. ஆயினும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று எல்லா இடங்களிலிருந்தும் பட்டமும் கணினி அறிவும் பெற்ற இளைஞர் இன்றும் கொழும்புக்கு வருகிறார்கள். வீட்டார் இன்றும் "எங்கை நிக்கப் போறாய்?" என்றே கேட்கிறார்கள்.

அவர்களுக்கு இந்த நூறாண்டு வரலாறு சொல்லக்கூடியவை சில உண்டு. முதலாவது, வெள்ளவத்தை நமக்கு வசதியானது கோட்டையில் வேலை இருந்த காலத்தில். நாடாளுமன்றம் 1982 இல் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டேக்குப் போன பிறகு, திணைக்களங்களும் ஒவ்வொன்றாக பத்தரமுல்லைப் பக்கம் போயின. கல்வி அமைச்சின் இசுருபாயவும், பல அமைச்சுகளைக் கொண்ட செத்சிரிபாயவும் அங்கேதான். வேலை அங்கே, வீடு இங்கே என்றால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணிநேரம் தெருவில் போகும். அப்பா தங்கிய ஒழுங்கை என்பதற்காக அதைத் தேர்வு செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது, மலிவு என்பதை வாடகைத் தொகையில் மட்டும் பார்க்கக் கூடாது. பஸ் கட்டணம், இழந்த உறக்கம், திருப்பித் தரப்படுமா என்று தெரியாத முற்பணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல், பற்றுச்சீட்டு வாங்காமல் முற்பணம் கொடுப்பது ஆகாது. தலைமுறை தலைமுறையாக நம்மவர் 'தெரிந்த மனிதர்தானே' என்று விட்ட இடம் அது.

மூன்றாவதைச் சொல்லச் சிறிது தயக்கம் உண்டு. நம்மவர் இருக்கும் இடமே பாதுகாப்பு என்ற எண்ணத்தை எவர் மீதும் குறையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. 1983 ஐக் கண்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் இயல்பானது. ஆனால் அதே 1983 வேறொன்றையும் காட்டியது. முகவரி காக்கவில்லை, பழக்கம் காத்தது. எந்த ஒழுங்கையில் வீடெடுத்தாலும் வந்த முதல் வாரத்தில் இரு பக்கத்து வீட்டுப் படலையையும் தட்டி, பெயர் சொல்லி, பெயர் கேட்டுக்கொள்வது நல்லது. சிங்களம் தெரியாவிட்டால் பத்துச் சொல்லாவது கற்றுக்கொள்ள வேண்டும். மாடிவீடாயின் அதே தளத்தில் இருப்பவர்களையேனும் அறிந்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்படாத இந்தக் காரியத்துக்குச் செலவு எதுவுமில்லை.